666 கண்ணாடிகள்: லூவ்ர் பிரமிடின் மீது ஏறிய சாத்தானின் எண்

பாரிஸ் நகரின் லூவ்ர் அருங்காட்சியக முற்றத்தில் நிற்கும் கண்ணாடிப் பிரமிடில் மிகச் சரியாக 666 கண்ணாடிப் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன என்றும், அந்த எண்ணிக்கை அன்றைய பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் பிரான்சுவா மித்தெரான் நேரடியாக இட்ட உத்தரவு என்றும், ஆகவே அந்தக் கட்டடம் விவிலியத்தின் கடைசி நூலில் 666 என்ற எண்ணோடு வரும் மிருகத்துக்கு எழுப்பப்பட்ட ஆலயம் என்றும் ஒரு கதை நாற்பது ஆண்டுகளாக உலவி வருகிறது. தமிழில் வரும் இலுமினாட்டி காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வகைக் கதை புதிதல்ல. முக்கோணம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், மீதியைப் பின்னணி இசை பார்த்துக்கொள்ளும். ஆனால் லூவ்ர் விவகாரம் தனித்து ஆராயத் தக்கது. இங்கே குற்றச்சாட்டு என்பது ஓர் எண். அதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அதோடு, அந்த எண்ணை ஊருக்குச் சொன்னது எந்த இரகசியக் குழுவும் அல்ல, கட்டுமானம் நடந்துகொண்டிருந்த காலத்தில் வெளியான அதிகாரபூர்வக் கையேடு.

முற்றத்தில் மூண்ட சண்டை

மித்தெரான் 1981 மே மாதம் பதவி ஏற்றார். அதே ஆண்டு செப்டம்பரில், லூவ்ர் அரண்மனை முழுவதையும் அருங்காட்சியகத்துக்கே ஒதுக்கப்போவதாக அறிவித்தார். அப்போது அரண்மனையின் வடக்குச் சிறகான ரிஷெலியூ பகுதியில் நிதி அமைச்சகம் இயங்கிக்கொண்டிருந்தது. இன்று பிரமிடு நிற்கும் நெப்போலியன் முற்றம் அமைச்சகத்தாரின் கார் நிறுத்துமிடமாகக் கிடந்தது. உலகின் தலைசிறந்த ஓவியங்களைக் காண வந்தவர்களுக்கு முகப்பு என்று சொல்லத்தக்க வாசல் இல்லை. உள்ளே போனால் கழிப்பறையும் பொருள் வைக்கும் அறையும் எங்கே என்று தேடித் திரிய வேண்டிய நிலை இருந்தது.

குவாங்சோவில் 1917ஆம் ஆண்டு பிறந்து அமெரிக்கக் குடிமகனான கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய், 1983ஆம் ஆண்டு இந்தப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முற்றத்தைத் தோண்டி, வரவேற்புக் கூடத்தை நிலத்தடியில் அமைத்து, மூன்று சிறகுகளுக்கும் அங்கிருந்தே வழி விடுவது அவருடைய திட்டம். நிலத்தடிக் கூடத்துக்கு வெளிச்சம் வேண்டும். வாசல் இங்கே இருக்கிறது என்று தொலைவிலிருந்து காட்டும் அடையாளமும் வேண்டும். அதேசமயம் அந்த அடையாளம் பழைய அரண்மனையின் சுவர்களை மறைத்துவிடக் கூடாது. 21.64 மீட்டர் உயரமும் ஒரு பக்கத்துக்கு 35 மீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலமும் கொண்ட கண்ணாடிப் பிரமிடு இந்த மூன்று தேவைகளுக்கும் அவர் தந்த விடை. வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்துக்காக அவர் வடிவமைத்து 1978ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிழக்குக் கட்டடத்திலும், நிலத்தடி வழிக்கு ஒளி கொடுப்பதற்காகச் சிறிய கண்ணாடிப் பிரமிடுகள் தரைக்கு மேலே எட்டிப் பார்க்கின்றன. முக்கோணம் அவருடைய கையெழுத்தாகவே இருந்தது. வாஷிங்டன் என்றதும் அங்கேயும் ஃப்ரீமேசன் என்னும் சடங்குகள் நிறைந்த சகோதரச் சங்கத்தின் சதி என்று கிளம்புவோர் உண்டு. அவர்களை இங்கே இழுக்க வேண்டியதில்லை.

1984 ஜனவரி 23 அன்று வரலாற்றுச் சின்னங்களுக்கான உயர் ஆணையத்தின் முன் பெய் தம் திட்டத்தை விளக்கினார். கூட்டம் வசைமாரியாக முடிந்தது. உறுப்பினர்களின் சொற்களை மொழிபெயர்க்க முடியாமல் மொழிபெயர்ப்பாளர் கண்கலங்கிப் போனதாகப் பெய் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். முன்னாள் பண்பாட்டு அமைச்சர் மிஷேல் கி எதிர்ப்பு அமைப்பு ஒன்றைத் தலைமையேற்று நடத்தினார். அருங்காட்சியகத்தின் அன்றைய இயக்குநர் அதற்கு முன்பே பதவி விலகியிருந்தார். லெ மோந்த் நாளிதழின் கலை விமர்சகர் இதை மரித்தோர் இல்லம் என்று எழுதினார். எகிப்திய மன்னர் ராம்சேஸின் பெயரோடு குடியரசுத் தலைவரின் பெயரை ஒட்டி ‘மித்தெராம்சேஸ்’ என்று கேலி செய்தார்கள்.

இந்த எதிர்ப்பாளர்கள் சாத்தானைப் பற்றிப் பேசவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் எழுப்பியது அரசியல் கேள்வி: நாட்டின் மிக முக்கியமான அரண்மனையின் நடுமுற்றத்தில் என்ன கட்டலாம் என்பதை, வடிவமைப்புப் போட்டிகூட நடத்தாமல், ஒரு மனிதர் தம் விருப்பப்படி முடிவு செய்யலாமா? அரச பரம்பரையை ஒழித்த நாட்டில் அது நியாயமான கேள்வி. வெளிநாட்டுக்காரர் என்ற வெறுப்பும் அதில் கலந்திருந்தது, அது நியாயமானதல்ல. இரண்டும் சேர்ந்து, ஒற்றை மனிதரின் மறைமுகத் திட்டம் என்னும் சட்டகம் 1984ஆம் ஆண்டிலேயே தயாராகிவிட்டது. 1985 மே மாதத்தில், பாரிஸ் மேயராக இருந்த ஜாக் சிராக் கேட்டுக்கொண்டபடி, பாரந்தூக்கியிலிருந்து கம்பிகளைத் தொங்கவிட்டுப் பிரமிடின் முழு அளவிலான வெளிவடிவத்தை முற்றத்தில் காட்டினார்கள். ஏறத்தாழ 60,000 பேர் வந்து பார்த்தார்கள். அதன்பின் எதிர்ப்பின் சூடு குறைந்தது. ஆனால் சந்தேகத்துக்குப் பிடிமானம் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.

அந்தப் பிடிமானத்தைக் கையேடு தந்தது. கட்டுமானக் காலத்தில் வெளியான அதிகாரபூர்வ வெளியீட்டில், கண்ணாடிப் பலகைகளின் எண்ணிக்கை 666 என்று இரண்டு இடங்களில் அச்சாகியிருந்தது. அதே வெளியீட்டில், அதற்குச் சில பக்கங்கள் முன்னால், மொத்தம் 672 என்றும் இருந்தது. வரைபடங்கள் மாறிக்கொண்டிருக்கும் திட்டம் ஒன்றின் விளம்பர வெளியீட்டில் எண்கள் முன்பின் முரணாக வருவது அரசு அலுவலகங்களைப் பார்த்த எவருக்கும் வியப்பாக இராது. ஆனால் 672 என்பதில் செய்தி இல்லை. 666 என்பதில் தலைப்பே இருக்கிறது. நாளிதழ்கள் எதை எடுத்துக்கொண்டன என்று சொல்லத் தேவையில்லை.

கணக்கு

பிரமிடின் அருகே நின்று ஒரு முகத்தை மட்டும் பாருங்கள். சாய்ந்த இரண்டு விளிம்புகளுக்கும் இணையாக உலோகச் சட்டங்கள் ஓடுகின்றன. அவை ஒன்றையொன்று வெட்டும் இடங்களில், ஏறத்தாழ 2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள சாய்சதுரங்கள் உருவாகின்றன. அடிவரிசையில் மட்டும் சாய்சதுரத்துக்கு இடமில்லாமல் தரை வெட்டிவிடுவதால் முக்கோணங்கள் நிற்கின்றன. அடிவிளிம்பு 18 பங்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே முக்கோணங்கள் 18. அவற்றுக்கு மேலே உள்ள வரிசையில் 17 சாய்சதுரங்கள், அடுத்ததில் 16, அதற்கடுத்து 15 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து உச்சியில் ஒன்றே ஒன்று. 17 முதல் 1 வரை கூட்டினால் 153. முக்கோணங்கள் பதினெட்டையும் சேர்த்தால் ஒரு முகத்துக்கு 171.

இப்படி முழுமையான முகங்கள் மூன்று. அவற்றில் 513 பலகைகள். நான்காவது முகத்தில் வாசல் இருக்கிறது. அங்கே 9 சாய்சதுரங்களும் 2 முக்கோணங்களும் இல்லை, எஞ்சுவது 160. ஆக மொத்தம் 673. அருங்காட்சியகம் இன்று தரும் கணக்கும் இதுவே: 603 சாய்சதுரங்கள், 70 முக்கோணங்கள். பெய்யின் அலுவலகத்திலிருந்து பெறப்பட்டதாக 689 என்ற இன்னோர் எண்ணும் அச்சில் வந்திருக்கிறது. வாசல் பகுதியின் கண்ணாடிகளை எப்படி எண்ணுவது என்பதைப் பொறுத்து விடை சற்றே முன்பின் ஆகலாம். ஆனால் பள்ளிச் சிறுவர்கள் தாளும் பென்சிலும் கொண்டு செய்யக்கூடிய இந்தக் கணக்கில் 666 எங்கும் தானாக வந்து நிற்பதில்லை.

தானாக வராது என்றுதான் சொன்னேன். வரவழைக்க முடியாது என்று சொல்லவில்லை. வாசலே இல்லை என்று வைத்துக்கொண்டு நான்கு முகங்களையும் முழுமையாகக் கணக்கிட்டால் 684 பலகைகள். அதிலிருந்து ஒரு முகத்தின் அடிவரிசை முக்கோணங்கள் பதினெட்டைக் கழித்தால் 666 கிடைத்துவிடும்! கையேட்டை எழுதியவர் இப்படித்தான் கழித்தார் என்று நான் கூற வரவில்லை. வேண்டிய எண்ணை முன்னால் வைத்துக்கொண்டு கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் வழி எப்போதும் திறந்தே இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். 21.64 மீட்டர் உயரத்தில் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டால் 21.6, புள்ளியையும் நீக்கினால் 216, அது 6×6×6. இதுவும் வேலை செய்கிறது.

இன்னும் சுவையானது 153. யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசுவின் சொற்படி சீடர்கள் வீசிய வலையில் சிக்கிய மீன்களின் தொகை மிகச் சரியாக 153. பிரமிடின் முழுமையான ஒவ்வொரு முகத்திலும் அதே எண்ணிக்கையில் சாய்சதுரங்கள் மின்னுகின்றன. கழிக்கவோ புள்ளியை நீக்கவோ தேவையில்லை. எண்களை நம்பித்தான் ஆக வேண்டும் என்றால், இந்தக் கட்டடம் சாத்தானுடையது அல்ல, கிறிஸ்துவினுடையது என்பதற்கு வலுவான சான்று கண்ணெதிரே இருக்கிறது. சதிக் கோட்பாட்டாளர்களில் எவரும் இதை முன்வைத்து நான் பார்த்ததில்லை. 153, 171, 666 ஆகிய மூன்றும் ஒன்றிலிருந்து தொடர்ச்சியாகக் கூட்டினால் வரும் முக்கோண எண்கள் என்பதால், முக்கோண முகமுள்ள ஒரு கட்டடத்தில் இந்தக் குடும்பத்து எண்கள் தலைகாட்டுவதில் மர்மம் இல்லை. அப்படியும் 666 வர வேண்டுமென்றால் 36 வரிசைகள் உள்ள ஒரே முகம் வேண்டும்.

அந்த எண்ணின் மூலத்தையும் பார்த்துவிடலாம். வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தின் 18ஆம் வசனம், மிருகத்தின் இலக்கத்தைப் புத்தியுள்ளவன் கணக்குப் பார்க்கட்டும் என்று சொல்லி 666 என்று தருகிறது. எபிரேயத்தில் எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன. நீரோ சீசர் என்ற பெயரை நேரோன் கேசர் என்று எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வருகிறது. நேரோன் என்பதன் ஈற்றிலுள்ள ‘ன்’ என்ற எழுத்தை விட்டுவிட்டால், அதன் மதிப்பான 50 குறைந்து 616 ஆகும். மிகப் பழைய கைப்பிரதிகள் சிலவற்றில் 616 என்றே இருக்கிறது. முதல் நூற்றாண்டில் கிறிஸ்தவர்களைக் கொன்ற ஒரு பேரரசனைப் பெயர் சொல்லாமல் சுட்டிய குறிப்பு அது என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஆகவே பிரமிடில் 666 பலகைகள் இருந்திருந்தாலுங்கூட, அது நீரோவை நினைவுபடுத்தியிருக்குமே தவிர வேறொன்றுமில்லை.

ஏன் மித்தெரான்

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் கதை ஏன் சாகவில்லை? இதற்குப் பெரும்பாலோர் சொல்லும் விடை மக்களின் அறியாமை. எனக்கு அதில் உடன்பாடில்லை. மித்தெரான் உண்மையிலேயே மறைத்தவர். பதவிக்கு வந்த 1981ஆம் ஆண்டிலேயே அவருக்குப் புற்றுநோய் இருப்பது தெரிந்துவிட்டது. 1992 வரை நாட்டுக்குச் சொல்லவில்லை, அதுவரை அவரது உடல்நிலை குறித்து வெளியான அதிகாரபூர்வ அறிக்கைகள் நலம் என்றே சொல்லி வந்தன. திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள் ஒருவர் இருப்பது 1994இல்தான் பொதுவெளிக்கு வந்தது. அவரது ஆட்சியில்தான், 1985இல், கிரீன்பீஸ் என்னும் சுற்றுச்சூழல் அமைப்பின் ரெயின்போ வாரியர் கப்பலை நியூசிலாந்துத் துறைமுகத்தில் பிரெஞ்சு உளவுத்துறை குண்டு வைத்து மூழ்கடித்தது. முதலில் அரசு அதை மறுத்தது. மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட எகிப்தியச் சிலையின் பெயரான ஸ்ஃபிங்க்ஸ் என்பது அவருடைய பட்டப்பெயர்களுள் ஒன்று. 1994ஆம் ஆண்டின் கடைசி நாளில் நாட்டு மக்களுக்கு ஆற்றிய புத்தாண்டு உரையில், ஆன்மாவின் ஆற்றல்களில் தமக்கு நம்பிக்கை உண்டென்றும் மக்களை விட்டுப் பிரிய மாட்டேன் என்றும் கூறினார். மறு ஆண்டு கிறிஸ்துமஸை எகிப்தின் அஸ்வானில் கழித்துத் திரும்பி, 1996 ஜனவரி 8 அன்று காலமானார். மர்மக் கதை எழுதுவோருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மித்தெரானின் அமைச்சர்களில் ஃப்ரீமேசன்கள் இருந்தார்கள். அது பிரெஞ்சு அரசியலில் வழக்கமான ஒன்று. அவர் உறுப்பினராக இருந்ததற்குச் சான்றில்லை. ஆனால் தம் உடலைப் பற்றியே பொய்யான அறிக்கை வெளியிடச் செய்த ஒருவர், தாம் கட்டிய கட்டடத்தைப் பற்றி மட்டும் உண்மை சொல்லியிருப்பார் என்று ஏன் நம்ப வேண்டும் எனக் கேட்பவரை மூடர் என்று தள்ளிவிட முடியாது. பிழை அந்தக் கேள்வியில் இல்லை. மறைத்தவர் எதையும் மறைத்திருக்கலாம் என்பதிலிருந்து, குறிப்பாக இதைத்தான் மறைத்தார் என்பதற்குச் சான்றின்றித் தாவுவதில் இருக்கிறது. பெய்யின் அலுவலகம், பலகைகளின் எண்ணிக்கை பற்றி மித்தெரான் எதையும் குறிப்பிட்டதில்லை என்று தெளிவாக மறுத்திருக்கிறது. சட்டத்தின் அமைப்பைப் பார்த்தாலே அது புரியும். எத்தனை பலகைகள் என்பது அடிவிளிம்பை எத்தனை பங்காகப் பிரிக்கிறோம் என்பதிலிருந்து விளைவது. பங்கைப் பதினேழாகவோ பத்தொன்பதாகவோ மாற்றினால் தொகை ஒரேயடியாக 70, 80 என்று நகரும். நினைத்த எண்ணில் கொண்டுபோய் நிறுத்தும்படி உத்தரவிட இங்கே இடமில்லை.

உத்தரவு, வற்புறுத்தல் என்று பேசினால், பதிவில் இருப்பது கண்ணாடியின் நிறம் பற்றியது. வழக்கமான கண்ணாடியில் உள்ள இரும்புச் சத்து இலேசான பச்சைச் சாயலைத் தரும். அதன் வழியே பார்த்தால் அரண்மனையின் தேன்நிறக் கல் நோயுற்றதுபோல் தெரியும். நிறமே இல்லாத கண்ணாடி வேண்டும் என்று பெய் பிடிவாதமாக நின்றார். சென்-கோபேன் என்னும் பிரெஞ்சுக் கண்ணாடி நிறுவனம் முதலில் தயங்கி, பிறகு 21 மில்லிமீட்டர் கனமுள்ள அடுக்குக் கண்ணாடியை இதற்கெனவே உருவாக்கித் தந்தது.

கதையின் இரண்டாம் வாழ்க்கை

1989 மார்ச் இறுதியில் பிரமிடு திறக்கப்பட்டது. 1990களில் மித்தெரானின் கட்டடங்கள் அனைத்தையும் ஃப்ரீமேசன் சடங்கின் வரைபடமாகப் படித்த நூல் ஒன்று பிரெஞ்சில் வந்தது. பிரமிடின் அமைப்பு முழுவதும் 6 என்ற எண்ணின் மீதே நிற்பதாக அது சொன்னது. மித்தெரான் காலத்தில் பாரிஸின் மேற்கே லா தெஃபான்ஸ் பகுதியில் எழுந்த பெரிய வளைவு, லூவ்ரிலிருந்து மேற்கே ஓடும் நகரின் நேர்கோட்டு அச்சிலிருந்து 6.33 பாகை திரும்பியிருப்பது இத்தகைய வாசிப்புகளுக்கு உவப்பான செய்தி. அதன் அடியில் நெடுஞ்சாலையும் இரயில் பாதையும் ஓடுவதால், அடித்தூண்களை இறக்கக் கிடைத்த இடம் அந்தக் கோணத்தில்தான் இருந்தது. லூவ்ர் அரண்மனையும் அதே அச்சுக்குச் சற்றே சாய்ந்து நிற்பதால், பிரமிடு அந்தப் புகழ்பெற்ற கோட்டின் மேல் இல்லவே இல்லை. கோட்டின் மேல் பெய் நிறுத்தியது பதினான்காம் லூயியின் குதிரைச் சிலை. அதைப் பற்றி எவரும் காணொளி எடுக்கக் காணோம்.

2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்து உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்ற மர்ம நாவல் ஒன்று, மித்தெரானின் வற்புறுத்தலால் 666 பலகைகள் பதிக்கப்பட்டதாகத் தன் கதைமாந்தரின் நினைவோட்டத்தில் எழுதிவிட்டது. பாரிஸ் நாளிதழ்களின் பழைய வம்பாக இருந்தது, ஒரே வீச்சில் உலகத்தின் பொது அறிவாகிவிட்டது. லூவ்ருக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் அதன்பின் மோனாலிசாவைக் கேட்டது போலவே இதையும் கேட்கத் தொடங்கினார்கள்.

2017 மே 7 அன்று தேர்தலில் வென்ற எம்மானுவேல் மாக்ரோன், பிரமிடின் முன்னால் மேடையிட்டு வெற்றியுரை ஆற்றினார். அவர் தலைக்கு நேர் பின்னால் பிரமிடின் முனை தெரியும் படங்கள் சில மணி நேரத்தில் உலகைச் சுற்றின. உள்துறை அமைச்சகம் முதலில் வெளியிட்ட வாக்கு விகிதம் 66.06 என்றிருந்தது எரியும் நெருப்பில் நெய் வார்த்தது. அது இறுதிக் கணக்கில் 66.10 ஆனதை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்த இடம் சடங்குக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: மாக்ரோனின் குழுவினர் முதலில் கேட்டது ஈஃபிள் கோபுரத்தின் அடியிலுள்ள ஷான் த மார்ஸ் திடலை. ஒலிம்பிக் போட்டி தொடர்பான பார்வைக் குழு வரவிருந்ததால் மாநகராட்சி இடம் தர மறுத்துவிட்டது. லூவ்ர் முற்றம் இரண்டாவது தெரிவு.

இதற்கிடையே பிரமிடுக்கு வேறு வகையான சோதனை வந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 40 இலட்சம் பேரை எதிர்பார்த்து வடிவமைத்த வாசல் அது. 2018இல் ஒரு கோடியைத் தாண்டிய கூட்டம் அதன் வழியே நுழைந்தது, 2024இல் 87 இலட்சம். 2025 ஜனவரியில் அருங்காட்சியகத்தின் அன்றைய தலைவர் லோரான்ஸ் தெ கார் பண்பாட்டு அமைச்சருக்கு எழுதிய குறிப்பு நாளிதழில் கசிந்தது. வெயில் நாட்களில் கண்ணாடிக்கு அடியிலுள்ள கூடம் பசுமைக்குடில்போல் கொதிக்கிறது என்றும், எதிரொலி காதைத் துளைக்கிறது என்றும், வருகிறவர்களுக்கும் பணியாளர்களுக்கும் அது இணக்கமற்ற இடமாகிவிட்டது என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. சில நாட்களில், மோனாலிசா முன்பாகவே நின்று, அரண்மனையின் கிழக்குப் புறத்தில் புதிய வாசல் அமைக்கப்படும் என்று மாக்ரோன் அறிவித்தார். 2031ஆம் ஆண்டுக்குள் முடிப்பதாகத் திட்டம். அதற்கான வடிவமைப்புக்கு இந்த முறை பன்னாட்டுப் போட்டி வைத்திருக்கிறார்கள்.